டியூப்லைட் கடையில் டியூப்லெஸ்

என் சகலைக்கு டியூப்லைட் என்று பெயர் வைத்தது யார் என்பதில் எங்கள் பகுதியில் இன்னும் சண்டை தீரவில்லை. நான்தான் வைத்தேன் என்று மார்தட்ட நாலைந்து பேர் இருக்கிறார்கள். பெயரில் பொய்யும் இல்லை. திங்கட்கிழமை சொன்ன நகைச்சுவைக்கு அவன் புதன்கிழமை சிரிப்பான். அதுவும் பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டிக்கு மேல் குனிந்துகொண்டு, தனியாக. புதிதாகக் கடைக்கு வந்தவர்கள் பயந்துபோவார்கள். வேறொருவனாக இருந்தால் இந்தப் பெயருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். இவன், "லேட்டா எரிஞ்சாலும் எரியுதுல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த சைக்கிளைக் கையில் எடுப்பான்.

அக்காளை நான் கட்டினேன், தங்கையை அவன் கட்டினான். சகலை உறவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரே மாமனாரிடம் மாட்டிக்கொண்ட இரண்டு பேர், அவ்வளவுதான். நான் குழாய் வேலைக்காரன். ஒழுகுகிற எதையும் அடைப்பேன், அடைத்துக்கொண்ட எதையும் திறப்பேன், வாயைத் தவிர. என் வாயை மூட என் மனைவியாலேயே முடியவில்லை. ஆனாலும் யாரையும் சுலபமாகப் பாராட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இவனைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால், விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

அவன் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும், அதனால் அவனுக்கு உட்கார்ந்தே வேலை செய்து பழக்கம். சுவரில் பழைய டயர்கள், ஆணியில் தொங்கும் செயின்கள், பாதியாக அறுத்த பீப்பாயில் தண்ணீர். இவற்றையெல்லாம்விட முக்கியமானது அவனுடைய மண்ணெண்ணெய் டப்பா. செயினை அதில் ஊறப்போடுவான், ரிம்மை அதில் நனைத்த துணியால் துடைப்பான், கையை அதில் கழுவுவான், தரையில் கறை விழுந்தால் அதையே ஊற்றித் தேய்ப்பான். ஒருமுறை தன் மூக்குக்கண்ணாடியையும் அதில் துடைத்துவிட்டு, ஊரே மங்கலாகிவிட்டது என்று நாள் முழுவதும் புலம்பிக்கொண்டிருந்தான்.

அவன் கல்யாணமும் இந்தக் கடையில் தொடங்கியதுதான். என் கொழுந்தியாள் நர்ஸ் வேலையில் சேர்ந்த புதிதில் பஞ்சர் ஒட்ட வந்தாள். ஒட்டினான். மறு வாரமும் வந்தாள், ஒட்டினான். ஒரே டியூபில் இத்தனை ஒட்டா என்று எங்கள் மாமனார் விசாரிக்கப் போய்த்தான் ஒட்டியிருந்தது டியூப் மட்டும் இல்லை என்பது வெளியே வந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் வாடிக்கையாளர் முன்னால் அவள் பெயரைச் சொல்ல அவனுக்குக் கூச்சம். ஊரார் மாதிரியே "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவான். கட்டின பெண்டாட்டியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஆண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவள் ஆஸ்பத்திரிக்கு உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பவள் இல்லை. படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பவள். புண்ணுக்கு மருந்து கட்டுவாள், ஊசி போடுவாள், பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டிக்கொண்டால் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்வாள். அவள் போகும் வீடுகள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். கரை மேல் ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்குத்தான் பாதை. மோட்டார் வண்டி என்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கரை முழுக்க நெருஞ்சி. மஞ்சள் பூவைப் பார்த்து அழகாக இருக்கிறதே என்று நினைத்தால் போச்சு, அடுத்த நிமிஷம் சைக்கிள் உட்கார்ந்துவிடும்.

கரையின் கடைசியில் மதகு பார்க்கிறவர் வீடு. அவருக்குச் சர்க்கரை, கை நடுக்கமும் சேர்ந்துகொண்டது. காலையில் இவள் வந்து ஊசி போட்ட பிறகுதான் அவர் வாயில் எதையும் வைக்க முடியும். பஞ்சர் ஆன நாளெல்லாம் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் தாமதத்தில் அவருக்குத் தலை சுற்றிவிட்டது. அவருடைய மகள் ஆஸ்பத்திரிக்கே வந்து புகார் சொல்லிவிட்டுப் போனாள்.

தலைமை நர்ஸ் கண்டிப்பானவர். தானும் பல வருஷம் வீடு வீடாகப் போனவர், சாக்குப்போக்கு எல்லாம் அவருக்குத் தெரிந்த ராகம். அடுத்த மாதத்திலிருந்து கரையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, உன்னை வார்டில் போட்டுவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டார். சம்பளம் அதேதான், வெயிலும் கிடையாது. கேட்கிறவர்களுக்கு அது தண்டனையாகவே தெரியாது. என் மனைவிகூட, நல்லதுதானே, நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கலாமே என்றாள். கொழுந்தியாள் அக்காளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"வார்டுல எல்லாரும் யாரோ ஒரு நர்ஸுக்காகக் காத்திருப்பாங்க மாமா. கரையில எனக்காகக் காத்திருக்காங்க."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் தொழிலில் எல்லா ஒழுகலுக்கும் மருந்து உண்டு, இதற்கு இல்லை.

சகலைக்கு இதில் இரட்டை அடி. பெண்டாட்டி கண்ணில் தண்ணீர் ஒருபக்கம். மறுபக்கம் ஊர் வாய். சைக்கிள் கடைக்காரன் பெண்டாட்டியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறாள், ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது என்று எதிர்ச் சாரி டீக்கடையில் பேசினார்கள். அவன் காதில் விழாமல் இருக்குமா? விழுந்தது. ஆனால் அவன் கோபப்படவில்லை. தடிமனான டயர் போட்டுப் பார்த்தான். பழைய டயரை வெட்டி டியூபுக்கும் டயருக்கும் நடுவே பட்டையாக வைத்துப் பார்த்தான். சைக்கிள் கனத்ததுதான் மிச்சம், முள் எங்கே புகுவது என்று அவனிடம் வந்தா கேட்கும்?

அந்தச் சமயத்தில்தான் வெளியூர்க்காரர் ஒருவர் உயர்ந்த ரக சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தார். டயரின் பக்கவாட்டில் கல் கிழித்திருந்தது. சகலை வழக்கம்போலச் சக்கரத்தை மடியில் வைத்து, நெம்புகோல் போட்டு டயரை விலக்கினான். வெள்ளையாக ஏதோ ஒன்று கொட்டி அவன் மடி முழுக்க வழிந்தது. பதறிப்போய் உள்ளே கையை விட்டு டியூபைத் தேடினான். சுற்றிச் சுற்றித் தேடினான். இருந்தால்தானே கிடைக்கும். வந்தவர் சிரித்துவிட்டு, இது டியூப்லெஸ், உள்ளே டியூபே கிடையாது, இந்தப் பால்தான் சின்ன ஓட்டைகளை அடைக்கிறது என்று விளக்கினார். முள்ளெல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை என்றும் சொன்னார்.

அவர் போன பிறகும் சகலை காற்சட்டையைத் துவைக்கவில்லை. துணியில் உறைந்து ரப்பராகியிருந்த பாலை நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்து நின்றான்.

"அண்ணே, அடைப்பு எடுக்கிற காத்து மிஷினை எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்க. சிஸ்டர் சைக்கிளுக்கு டியூப்லெஸ் போடப் போறேன்."

அது அதற்கென்றே செய்த சக்கரத்தில் போடுவதாச்சே, சாதாரணச் சக்கரத்துக்கு எப்படி என்று கேட்டேன். கேட்டது நியாயம்தான். சாதாரண ரிம்மின் உள்வட்டம் முழுக்க ஓட்டை, ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்று. டியூப் இருக்கும்வரை அதைப் பற்றிக் கவலை இல்லை. டியூபை எடுத்துவிட்டால் அது ரிம் இல்லை, சல்லடை. போதாததற்கு டயரும் அதில் தொளதொளவென்று உட்காரும். காற்றைப் பிடிக்காது. ஆனால் அவன் அதையெல்லாம் யோசித்து முடித்துவிட்டுத்தான் வந்திருந்தான். ஒட்டுப் பட்டையை இழுத்துப் பிடித்துச் சுற்றினால் ஓட்டைகள் மூடும், இன்னும் நாலு சுற்று சுற்றினால் ரிம்மின் பள்ளம் நிரம்பி டயர் இறுக்கமாக உட்காரும் என்றான். தேவையான பட்டை, வால்வு, பால் எல்லாம் நகரத்துக் கடைக்குச் சொல்லி வரவழைத்திருந்தான்.

பட்டை ஒட்டினான். வால்வுக்குச் சின்னதாக ஒரு துளை போட்டுப் பொருத்தினான். டயரை மாட்டி, விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, என் மிஷினைத் திறந்தான். டப் என்று ஒரு சத்தம், தொடர்ந்து இன்னொன்று. டீக்கடையில் ஒருவர் கிளாஸைக் கீழே போட்டுவிட்டார். டயரின் இரு விளிம்பும் ஏறி ரிம்மோடு கவ்விக்கொண்ட சத்தம் அது. பிறகு காற்றை இறக்கி, வால்வு வழியாகப் பாலை ஊற்றி, மறுபடி காற்றடித்து, சக்கரத்தை உருட்டிக் குலுக்கினான். கல்லாட்டம் நின்றது. டியூப்லைட் கடையில் டியூப்லெஸ் என்று டீக்கடைக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். அவனும் சிரித்தான், அதுவும் அன்றைக்கே.

மறுநாள் காலையில் பார்த்தால் சக்கரம் சப்பையாகிக் கிடந்தது. கம்பியின் அடி ஒவ்வொன்றிலும் பால் கசிந்து காய்ந்திருந்தது.

கழற்றித் திரும்பச் செய்தான். இந்த முறை இன்னும் கவனமாக, ரிம்மை இன்னும் நன்றாகத் துடைத்து. அதுவும் போயிற்று. மூன்றாம் தடவையும் அதே கதை. டீக்கடைக்குத் தீனி கிடைத்தது. பாலில்லாமல் டீ போடுகிறவர்கள் சகலை கடைக்குப் போனால் பால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கே பொறுக்கவில்லை. கம்பியடியில் கசிந்தாலும் தொடக்கம் வால்வில்தான், நட்டை நன்றாக இறுக்கு என்று ஸ்பேனரை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டான்.

"விரலால முறுக்கினா போதும்ணே. வழியில ஏதாவது ஆனா சிஸ்டர் வெறும் கையாலதான் கழட்டணும்."

சொல்லிவிட்டு, "காத்து ஒண்ணும் பேய் இல்லண்ணே. போகுதுன்னா ஒரு வழி இருக்கு. வழி இருந்தா அடைச்சிடலாம்" என்றான். அவன் குரலில் சலிப்பே இல்லை. மூன்று முறை தோற்றவன் பேசுகிற பேச்சா இது என்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு குழாய் வேலைக்காரனாக அதில் என்னால் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை.

மாதம் பாதி கழிந்துவிட்டது. அன்று மாலை கொழுந்தியாள் வேலை முடிந்து கடைக்கு வந்தாள். அவன் நாலாவது தடவையாகப் பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். அது வாழைப்பழத் தோல் மாதிரி சுலபமாக உரிந்துகொண்டு வந்தது. அவள் நின்று பார்த்தாள். உரிந்த பட்டையை வாங்கி மூக்கருகில் கொண்டுபோனாள்.

"எதைப் போட்டுத் துடைச்சீங்க?"

"எப்பவும் போலத்தான். மண்ணெண்ணெய்."

அவள் பட்டையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "பிளாஸ்திரி ஒட்டறதுக்கு முன்னாடி யாராவது எண்ணெய் தேய்ப்பாங்களா? ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, காய விட்டுல்ல ஒட்டணும்? எண்ணெய்ப் பசை இருந்தா தோல்லயே ஒட்டாது, இது இரும்பு."

டியூப்லைட் அன்று உடனே எரிந்தது. அவன் தன் கையைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மண்ணெண்ணெய் அழுக்கை எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசுக்கை விட்டுப் போகும். ஒவ்வொரு தடவையும் இன்னும் நன்றாகத் துடைக்கிறேன் என்று இன்னும் நன்றாகக் கெடுத்துக்கொண்டிருந்தான். வேறு தொழில்காரன் செய்திருந்தால் சோப்பைப் போட்டோ தண்ணீரை விட்டோ கழுவியிருப்பான், தப்பித்திருப்பான். சைக்கிள் கடைக்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு இது. நான் வாயைத் திறக்கும் முன், அவன் பெண்டாட்டியின் பையைச் சுட்டிக் காட்டி, அதில் ஸ்பிரிட் இருக்கிறதா என்று கேட்டான்.

அது ஆஸ்பத்திரிச் சாமான், தர மாட்டேன் என்றாள். அதிலும் அவள் கறார். மருந்துக் கடைக்குப் போய் அவனே வாங்கி வந்தான். ரிம்மைத் துடைத்துக் காயவிட்டு, பட்டையை ஒட்டி, கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி அழுத்தினான். நோயாளி கைக்குப் பிளாஸ்திரி போடுகிற மாதிரி அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் சக்கரம் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. இரண்டு சக்கரத்துக்கும் போட்டுவிட்டு, கூடையில் ஒரு சாதாரண டியூபையும் சுருட்டி வைத்தான். இவ்வளவு நம்பிக்கை இருக்கிறவன் இது எதற்கு என்று மடக்கினேன். நம்பிக்கை வேறு, ஸ்பேர் வேறு என்றான்.

அதன் பிறகு அவள் ஒருநாளும் தாமதமாகப் போகவில்லை. ஆனாலும் தலைமை நர்ஸ் மசியவில்லை. மாதக் கடைசி வரை நன்றாக நடந்துகொள்வதும் அவருக்குத் தெரிந்த ராகம்தான். நானே கூட வந்து பார்க்கிறேன், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

அவர் வந்த நாளில் நான் என் மிஷினைத் திருப்பி எடுத்துப் போகக் கடைக்குப் போயிருந்தேன். நடுப்பகல் இருக்கும், கொழுந்தியாள் வந்து சேர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள்.

கரையில் களை வெட்டிய ஆட்கள் நெருஞ்சியையெல்லாம் பாதையிலேயே இழுத்துப் போட்டிருந்தார்களாம். தலைமை நர்ஸ் முன்னால், இவள் பின்னால். ஒரே இடத்தில் இரண்டு சைக்கிளும் முள்ளில் ஏறின. முன்னால் போன சைக்கிள் புஸ்ஸென்று உட்கார்ந்துவிட, தலைமை நர்ஸ் அதைக் கரைச் சரிவில் ஒதுக்கிவிட்டார். இவள் முன்சக்கரமும் சீறியது, வெள்ளையாகப் பால் தெறித்தது. மிதிக்காதே என்று கால் சொல்லிற்றாம், இவள் மிதித்தாள். நாலைந்து சுற்றில் சீறல் நின்றது, சக்கரம் அப்படியே ஓடியது. பின்னாலிருந்து தலைமை நர்ஸ், நில்லு, நானும் வருகிறேன் என்று கூப்பிட்டார்.

"நீ என்ன பண்ணின?" என்று கேட்டான் சகலை.

"நிக்கல. மதகுக்காரர் சாப்பிடாம இருப்பாரும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

தலைமை நர்ஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அந்த வீட்டு வேலை முடிந்திருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வந்த வழியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பிவிட்டாராம். மேலதிகாரியை முள்ளில் விட்டுவிட்டு வந்தவளுக்கு இனி கரை ஏது என்று அவள் கேட்டாள். நான் மிஷின் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தேன். சகலை மட்டும் அவள் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, டயரில் பதிந்திருந்த முட்களைப் பார்த்தான். "நீ செஞ்சது சரிதான் சிஸ்டர்" என்றான். அவன் குரல் கொஞ்சம்கூடத் தாழவில்லை. எனக்கு அந்த நிமிஷம் அவன்மேல் பொறாமையாக இருந்தது.

அப்போதுதான் தலைமை நர்ஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார். புடவை ஓரமெல்லாம் மண், நெற்றியில் வேர்வை. கொழுந்தியாள் எழுந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல், சைக்கிளைச் சகலையிடம் கொடுத்தார்.

"இதுக்கும் அந்தப் பால் சக்கரம் போட முடியுமா?"

"போடலாம்மா. ஆனா சில மாசத்துல பால் காஞ்சிடும், திரும்ப ஊத்தணும். பெரிய கிழிசல்னா அடைக்காது. அதையும் இப்பவே சொல்லிடறேன்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு கொழுந்தியாள் பக்கம் திரும்பினார்.

"நான் வந்து சேரும்போது அவர் சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிக்கிட்டிருந்தார்" என்றார். "எனக்காக நீ அங்க நின்னிருந்தா, இன்னைக்கே உன்னை வார்டுல போட்டிருப்பேன்."